அழிக்காமல் விட்ட வார்த்தை

மாலை வகுப்பு நடத்தப் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். நான் எட்டாவதோடு நின்றவள். நீளமாக எழுத வராது. உடம்பிலும் தெம்பு இல்லை. சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அதை மட்டும் எழுதுகிறேன்.

பாடம் நடத்துவது எப்படி என்று சொல்லப்போவதில்லை. அதற்கு உங்களுக்குப் பயிற்சி இருக்கிறது, படம் போட்ட அட்டை இருக்கிறது. எங்களுக்கு இருந்தது ஒரு பாய், ஒரு சின்னக் கரும்பலகை, ஆறு பிள்ளைகள். அவ்வளவுதான்.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு பழைய கிடங்கு. முன்பு மணிலாக்கொட்டை மூட்டை அடுக்கியிருந்த இடம். எழுபதுகளில் அங்கே மாலை வகுப்பு தொடங்கினார்கள். மூன்றாவது, நான்காவது படித்துக்கொண்டிருக்கும், ஆனால் வாசிக்க வராது, அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு. நான்கு மூலையில் நான்கு பாய். ஒரு பாய்க்கு எங்களில் ஒருத்தி. பிள்ளைகளை எந்த வகுப்பு என்று யாரும் கேட்பதில்லை. எந்தப் பாய் என்றுதான் கேட்பார்கள்.

நான் பகலில் கடற்கரைப் பக்கம் ஒரு வீட்டில் சமையல். முடித்துவிட்டு நடந்து வருவேன். வந்து உட்காரும்போதே முதுகு விட்டுப்போயிருக்கும். என் வீட்டுக்காரர் மில்லில் நூற்புப் பிரிவு. பிள்ளைகளின் அப்பாக்களும் பெரும்பாலும் அதே மில்தான். அதனால் அவர்களை எனக்குத் தெரியும், என்னை அவர்களுக்குத் தெரியும். இது வசதி என்று முதலில் நினைத்தேன்.

வகுப்பை நடத்தியவரை மதாம் என்போம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து திரும்பி வந்த உள்ளூர்க்காரரின் மனைவி. கால் வீங்கியிருக்கும், நாற்காலியை விட்டு எழ மாட்டார். எந்தப் பாயில் சத்தம் கூடினாலும் "துஸ்மான், துஸ்மான்" என்பார். பிரெஞ்சில் மெதுவாக என்று அர்த்தம். அதுதான் அவர் பெயர் என்று சின்னப் பிள்ளைகள் வெகு நாள் நினைத்திருந்தன.

வீட்டு வார்த்தை என்பது மதாம் கொண்டுவந்த வழக்கம். ஒரு நாளைக்கு ஒரு பிள்ளையின் முறை. அந்தப் பிள்ளை வீட்டில் காதில் விழுந்த ஒரு வார்த்தையைக் கொண்டுவர வேண்டும். யார் சொன்னது, எப்படிச் சொன்னது என்றும் சொல்ல வேண்டும். வெறும் வார்த்தையை வாங்க மாட்டோம். நாங்கள் அதைப் பலகையில் எழுதுவோம். எல்லோரும் சிலேட்டில் எழுதுவார்கள். மறுநாள் வந்ததும் அதை ஒருமுறை வாசித்த பிறகுதான் அழிப்போம். அதுவரை பலகையில் இருக்கும்.

"பொஸ்தக வார்த்தை ராத்திரியோட ஓடிப்போயிடும். வூட்டு வார்த்தை எங்கயும் போவாது" என்பார் மதாம்.

அது உண்மை. ஒரு எழுத்தும் நிற்காத பிள்ளை ஒன்று இருந்தது. பூ, மரம், பட்டம் எதுவும் ஏறவில்லை. ஒருநாள் போனஸ் என்று கொண்டுவந்தது. "எங்கப்பாவும் எங்கம்மாவும் அத வச்சித்தான் டீச்சர் தெனமும் சண்ட போடறாங்க" என்றது. எழுதிக் காட்டினேன். ஒரே தடவை. பிறகு அதிலிருந்து 'போ'வைப் பிடித்தது, 'ன'வைப் பிடித்தது. அப்படியே மேலே வந்துவிட்டது.

இதுவரை நல்லது. இனிமேல் சொல்வதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மில்லில் வேலைநிறுத்தம் வந்தது. சில நாளில் முடியும் என்றார்கள். முடியவில்லை. யாரும் உள்ளே போகாவிட்டாலும் மில் சங்கு மட்டும் நேரத்துக்கு ஊதியது. பிள்ளைகள் பசியோடு வந்தார்கள். பசித்த பிள்ளை எழுதிக்கொண்டிருக்கும்போதே பலப்பத்தோடு தூங்கிவிடும். எழுப்ப மனம் வராது. எழுப்பித்தான் ஆக வேண்டும்.

வீட்டு வார்த்தைகளும் மாறிப்போயின. அதற்கு முன்பு சினிமா, சட்டை, ஐஸ், மாமா. இப்போது கஞ்சி, அடகு, கடன்காரன். ஒருநாள் ஒரு பிள்ளை கருங்காலி என்று கொண்டுவந்தது. வேலைநிறுத்தத்தை மீறி உள்ளே வேலைக்குப் போகிறவனை அப்படித்தான் சொல்வார்கள். வந்த வார்த்தை, எழுதிப் போட்டேன். எல்லோரும் எழுதினார்கள்.

அடுத்த வாரம் எங்கள் சந்தின் கடைசி வீட்டுச் சுவரில் அடுப்புக்கரியால் அதே வார்த்தை. பெரிய எழுத்து. ஒரு பிழை இல்லை. எந்தப் பிள்ளையின் கை என்றுகூட எனக்குத் தெரிந்தது, ரு போடும்போது வாலை இழுக்கிற பிள்ளை. அந்த வீட்டுக்காரர் இரண்டு நாள் உள்ளே போய்வந்திருக்கிறார். அதற்குப் பிறகு குழாயடியில் அந்த வீட்டுக் குடத்தை எடுத்து ஓரமாக வைத்தார்கள். கடையில் சாமான் இல்லை என்றார்கள். பத்து நாள்கூட இருக்கவில்லை. அரியாங்குப்பத்துப் பக்கம் போய்விட்டார்கள். வண்டியில் சட்டிபானை ஏற்றும்போது யாரும் கை கொடுக்கவில்லை. நானும்தான்.

அந்தச் சமயத்தில் மில் நிர்வாகம் ஒரு லாரி விட்டது. விடியற்காலை வரும். மேலே தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டியிருக்கும். உள்ளே ஆட்கள். வேலைக்குப் போகிறவர்கள். லாரி போவது எல்லோருக்கும் தெரியும். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. முத்தியால்பேட்டை முழுக்க அப்போது அந்த ஒரே பேச்சுதான்.

இப்போது என் பாயில் இருந்த இரண்டு பெண்பிள்ளைகளைச் சொல்ல வேண்டும்.

ஒருத்தி அஞ்சலை. அவள் அப்பாதான் மில் வாசலில் ஆட்களைக் கூட்டி உட்காரவைத்தவர். தோளில் எப்போதும் சிவப்புத் துண்டு. அஞ்சலைக்கு வாய் நீளம். எழுத்து மெதுவாகத்தான் வரும், பேச்சு நிற்காது.

இன்னொருத்தி மலர். பேசவே மாட்டாள். அஞ்சலை அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்திருந்தாள். "ஊமைக்கோட்டான் வந்துடுச்சு டீச்சர், எடம் வுடுங்க" என்பாள். மலர் பதில் சொல்லாமல் உட்காருவாள். எழுத்து எழுத்தாகத் தடவிக்கொண்டிருந்தவள், அந்த மாதம்தான் வார்த்தையை வார்த்தையாகப் பார்க்க ஆரம்பித்திருந்தாள். உங்களுக்கும் அந்த நேரம் தெரியவரும். பிள்ளையின் முகத்திலேயே தெரியும். அந்த நேரத்தில் வகுப்பு விட்டுப்போனால் மறுபடி பிடிப்பது கஷ்டம். அவள் வீட்டில் கைக்குழந்தை ஒன்று. தாய்க்குப் பால் வற்றிப்போயிருந்தது.

அன்று மலரின் முறை.

"மலர், இன்னா வார்த்த கொண்டாந்த?"

"தார்ப்பாய் டீச்சர்."

"யாரு சொன்னது?"

"எங்கப்பா."

"எப்படிச் சொன்னாரு?"

"தார்ப்பாய்க்குள்ள மூச்சு முட்டுதுன்னு. எங்கம்மாகிட்ட."

அவள் சொல்லி முடித்தபோது நான் பாதி வார்த்தை எழுதிவிட்டிருந்தேன்.

கை நின்றுவிட்டது. முதுகுக்குப் பின்னால் ஆறு பிள்ளைகள். ஐந்து பேரின் அப்பாக்கள் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தியின் அப்பா லாரிக்குள் இருக்கிறார். அது அவளுக்கே தெரியுமோ என்னவோ. கொண்டுவரச் சொன்னோம், கொண்டுவந்தாள்.

அழித்துவிடலாம் என்று தோன்றியது. அழித்தால் என்ன ஆகும் என்றும் உடனே தோன்றியது. எந்த வார்த்தையையும் அந்தப் பலகையில் நாங்கள் அன்றைக்கே அழித்ததில்லை. கருங்காலியையே அழிக்கவில்லை. இதை அழித்தால் ஆறு பிள்ளைகளும் வீட்டுக்குப் போய் அதைத்தான் சொல்வார்கள். டீச்சர் அழிச்சுட்டாங்கம்மா.

எங்கேயோ வேறு பாயைப் பார்த்து மதாம் "துஸ்மான்" என்றார். எனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன். மீதியை எழுதி முடித்தேன்.

"தார்ப்பாய வேற எங்க பாத்திருக்கீங்க?" என்று கேட்டேன்.

"உப்பு லாரில டீச்சர்."

"பஸ்ஸு மேல, மூட்டைய மூட."

"சர்க்கஸ் கொட்டாய்ல."

"எங்க வூட்டுக் கூர மேல. அப்பவும் ஒழுவுது."

சிரித்தார்கள். சிரிக்கவிட்டேன். அஞ்சலை மட்டும் சிரிக்கவில்லை. மலரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அஞ்சலை, நீ எங்க பாத்த?"

"நான் பாக்கல டீச்சர்."

"சரி. எழுது."

எழுதினாள்.

அன்று வீட்டுக்குப் போய் என் பங்குக் கஞ்சியை அப்படியே மூடி வைத்தேன். வீட்டுக்காரர் கேட்டார். தலைவலி என்றேன். அவரும் வாசலில் உட்கார்ந்திருப்பவர்தான். எங்கள் வீட்டிலும் கஞ்சிதான். லாரியில் போகிறவர்கள் மேல் அவருக்கு இருந்த கோபம் எனக்கும் இருந்தது. அதை மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் இது பாயில் வந்த வார்த்தை. அதை வெளியே எடுத்துக்கொண்டு போக எனக்கு உரிமை இல்லை.

மறுநாள் மாலை பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். பலகையில் தார்ப்பாய் அப்படியே இருந்தது. வாசிக்க ஆரம்பிப்பதற்குள் அஞ்சலையின் அப்பா உள்ளே வந்தார். பின்னால் இரண்டு பேர். அஞ்சலையின் அப்பா என் வீட்டுக்காரருக்கு வயதில் சின்னவர், என்னை அண்ணி என்பார்.

"அண்ணி, படிக்கற நேரத்துல வந்துட்டேன். கோச்சுக்காதீங்க."

"சொல்லுங்க."

"இங்க ஒரு புள்ள, அப்பன் தார்ப்பாய்க்குள்ள மூச்சு முட்டுதுன்னு சொன்னாருன்னு சொல்லிச்சாமே. கொழாயடில பேச்சு."

பக்கத்துப் பாயில் இருந்த ஏதோ ஒரு பிள்ளை பாதி காதில் வாங்கியிருக்கிறது. யார் சொன்னது என்று அதற்குத் தெரியவில்லை. என் பாயில் இருந்த ஐந்தில் ஒன்றுகூட வாய் திறக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர்கள் வாய் திறந்திருந்தால் இவர் இங்கே வந்திருக்க மாட்டார். நேரே மலர் வீட்டுக்குப் போயிருப்பார்.

"அது நான் குடுத்த வார்த்தை" என்றேன்.

"அண்ணி, நீங்க வார்த்த குடுக்கறதில்ல. புள்ளைங்கதான் கொண்டாறணும். எம்பொண்ணு தெனமும் வந்து சொல்லுது." பலகையைப் பார்த்தார். "நேத்து யாரு முறை?"

பொய் ஒன்று சொல்லியாகிவிட்டது, அது நிற்கவில்லை. இரண்டாவது பொய் கைவசம் இல்லை. மலர் சிலேட்டை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள். அவள் மட்டும் அப்படி வைத்திருப்பது எனக்குத் தெரிந்தது. அவருக்கும் கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும்.

அவர் என்னை விட்டுவிட்டு மகளைப் பார்த்தார்.

"அஞ்சலை. யாரும்மா சொன்னது?"

இந்த இடத்தில் நான் செய்வதற்கு எதுவும் இல்லை. ஒரு பிள்ளையிடம் அப்பாவுக்குப் பொய் சொல் என்று கண்ணால்கூடச் சொல்ல முடியாது. பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நான்தாம்பா" என்றாள் அஞ்சலை. "நேத்து என் முறை."

"நீயா?"

"நீதான வூட்ல சொன்ன. வெள்ளிக்கெழம, அதான் நாளைக்கு, வெடியக்காலம் முனைல லாரிய மறிச்சு தார்ப்பாயக் கிழிச்சா, உள்ள மூச்சு முட்டி ஒக்காந்துனு இருக்கறவன் மூஞ்சியெல்லாம் தெரிஞ்சிடும்னு. அம்மாகிட்ட சொன்ன. நான் கேட்டுனு இருந்தேன்."

அவர் முகம் கறுத்துப்போனது. பின்னால் நின்றவர்களில் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு, "தலைவரே, ஓட்ட உங்க வூட்லயா கீது?" என்றான்.

"சும்மா இருடா" என்றார். மகளை அடிக்கக் கை போனது. வகுப்பு என்று நினைத்தாரோ, பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்று நினைத்தாரோ, கை கீழே வந்துவிட்டது. "வூட்ல பேசறதெல்லாம் இங்க வந்துடுமா அண்ணி?" என்று கேட்டார்.

"வந்துடும்" என்றேன்.

"நல்ல படிப்பு."

தோளில் இருந்த சிவப்புத் துண்டை எடுத்தார். பலகையில் இருந்த வார்த்தையை அவரே அழித்தார். துண்டை உதறினார். சாக்பீஸ் தூள் பாய் மேல் விழுந்தது. "இத வெளிய யாரும் பேசக் கூடாது. தெரிதா?" என்று பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். மலரும் ஆட்டினாள். அங்கே இருந்த அத்தனை பிள்ளைகளும் தன் ஆட்களின் பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டுதான் போனார். சந்தேகப்பட அவருக்கு இனி ஒன்றும் இல்லை. அது அவர் வீட்டு வார்த்தை.

மதாம் நாற்காலியில் இருந்தபடியே எல்லாவற்றையும் பார்த்தார்.

வகுப்பு விட்டதும் மலர் ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்ததில்லை.

மறுநாள் விடியற்காலை லாரியை மறித்தார்கள். தார்ப்பாயைக் கிழித்தார்கள். உள்ளே இருந்தவர்களை இழுத்துப்போட்டு அடித்தார்கள். ஒருவருக்குக் கை முறிந்தது. மலரின் அப்பா அதில் இல்லை. அவருக்கு வயிற்றுப்போக்கு, வீட்டில் படுத்திருக்கிறார் என்று சொன்னார்கள். அதற்குப் பிறகு அவர் லாரியில் போகவும் இல்லை. சில நாள் கழித்து வாசலில் வந்து உட்கார்ந்தார். அஞ்சலையின் அப்பா நகர்ந்து இடம் கொடுத்தார் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். நான் கேட்டுக்கொண்டேன்.

கை முறிந்தவரின் பிள்ளை எங்கள் கிடங்கில்தான் படித்தது. நான்காவது பாய். பிறகு வரவில்லை. அந்தப் பிள்ளையின் பெயர்கூட எனக்குத் தெரியாது. மறியல் நடக்கப்போவது எனக்கும் முந்தின நாளே தெரியும். நான் யாரிடமும் சொல்லவில்லை. வாசலில் உட்கார்ந்திருப்பவனின் மனைவி நான். இதை நல்லது என்றோ கெட்டது என்றோ எழுத எனக்கு வரவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

அன்று மாலை வகுப்பு இருந்தது. என் பாயில் எல்லோரும் வந்தார்கள். அஞ்சலையின் கன்னம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. மலருக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

"வாடி ஊமைக்கோட்டான்" என்றாள். மலர் உட்கார்ந்தாள். தன் பலப்பத்தை இரண்டாக உடைத்து ஒரு துண்டை அவள் சிலேட்டில் வைத்தாள்.

அஞ்சலை தெரிந்து சொன்னாளா? அப்பாவின் பேச்சை மலரின் காதில் போடத்தான் அவ்வளவையும் சொன்னாளா, இல்லை வாயில் வந்ததைக் கொட்டினாளா? நான் கேட்கவில்லை. பிற்பாடு பெரியவளாகி, சேதராப்பட்டில் கம்பெனி வேலைக்குப் போய், கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தாள். அன்றும் கேட்கவில்லை. பத்திரிகையை உரக்க வாசித்துக் காட்டினாள். எழுத்துக் கூட்டாமல் வாசித்தாள்.

அன்று மாலைக்குத் திரும்புகிறேன். வேறொரு பிள்ளையின் முறை. கூரை ஒழுகுகிறது என்று சொன்னதே, அந்தப் பிள்ளை.

"இன்னா வார்த்த கொண்டாந்த?"

எழுந்து நின்றது. மற்ற பிள்ளைகளைப் பார்த்தது. கிழிந்த தார்ப்பாய் அப்போதும் முனையில்தான் கிடந்தது. எல்லோரும் அதைத் தாண்டித்தான் வந்திருந்தார்கள்.

"இன்னிக்கு வார்த்த இல்ல டீச்சர்."

அதுவரை நாங்கள் விட்டதில்லை. யோசி, அம்மா என்ன சொன்னாங்க, அப்பா என்ன சொன்னாரு என்று தோண்டித் தோண்டி வாங்குவோம். நான் மதாமைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"சரி, ஒக்காரு" என்றேன்.

அன்று பலகை வெறுமையாகவே இருந்தது. பழைய வார்த்தைகளைச் சிலேட்டில் எழுதி வாசித்தோம். போனஸ், ஐஸ், மாமா. வகுப்பு முடிந்து பாயைச் சுருட்டும்போது மதாம் கூப்பிட்டார். "இனிமே யார் சொன்னதுன்னு கேக்க வேணாம்" என்றார். "வார்த்தைய மட்டும் வாங்கிக்கலாம்." அவ்வளவுதான் பேசினோம். அவர் களைத்திருந்தார். நானும்.

வீட்டு வார்த்தை வழக்கம் இன்றும் இருக்கிறது. நல்ல வழக்கம்தான், விட்டுவிடாதீர்கள். ஆனால் ஏன் யார் சொன்னது என்று கேட்பதில்லை என்று உங்களில் ஒரு பெண் போன மாதம் என்னிடம் கேட்டாள். கேட்டால் வாக்கியம் கிடைக்குமே, வாக்கியம் கிடைத்தால் வார்த்தை நன்றாகப் பதியுமே என்றாள். சரியான கேள்வி. அன்று பதில் சொல்லத் தெம்பில்லை. இதுதான் பதில்.

ஒரு பிள்ளை வார்த்தை இல்லை என்று எழுந்து நிற்கும். வீட்டில் பேச்சே இல்லாமல் எந்தப் பிள்ளையும் வருவதில்லை. அது உங்களுக்கும் தெரியும், பிள்ளைக்கும் தெரியும். சரி என்று சொல்லி உட்காரவையுங்கள். ஏன் என்று கேட்காதீர்கள்.